டிரைவர் சாப்பாடு

சௌசௌவின் தோலைச் சீவி, நடுக்கொட்டையைத் தோண்டி எறிந்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தளவுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தன அந்தக் கைகள். காயின் பால் பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக நின்றது. துண்டுகள் வெதுவெதுப்பான தண்ணீரில் போய் விழுந்தன. ஊறியதும் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, வேறு தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் அதையும் தொட்டியில் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றின.

"சமைக்கிறியா, துணி துவைக்கிறியா?" என்றார் தங்கமுத்து மாஸ்டர், பரோட்டா மாவுக்கு எண்ணெய் தடவியபடி. "இன்னும் ஒரு தண்ணி ஊத்துனா காயே தொட்டியோட ஓடிப்போயிரும்."

"மூணாந் தண்ணி மாஸ்டர். இதோட சரி."

வில்பட்டியில் காய் வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றுகிற பழக்கம் கிடையாது. இரண்டு மிளகைத் தட்டிப் போட்டு ரசமாக்கிவிடுவார்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த வேலுத்தாய்க்கு, தொட்டியில் பச்சையாக ஓடுகிற தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ தப்புக் காரியம் செய்கிற கூச்சம் வரும். பார்க்காமல் ஊற்றப் பழகியிருந்தாள்.

மணி ஆறேகால். ஏரிக்குப் போகிற சாலையில், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்த ஓட்டல். ஏழு மணிக்குத் திண்டுக்கல் பஸ். அந்தப் பஸ்ஸில் அவள் வீட்டுக்காரர் சேனாதிபதி ஏறியாக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு அங்கே டயாலிசிஸ். போன வெள்ளிக்கிழமை மழை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். முகம் ஊதி, படுத்தால் மூச்சு வாங்கி, மூன்று இரவுகளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழித்தார். இன்றைக்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டே சொல்லிவிட்டார்கள்.

அட்டுவம்பட்டியிலிருந்து இருவரும் முதல் ஜீப்பில்தான் வந்தார்கள். அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஓட்டலின் முன்வாசல் வழியாக நுழைந்து ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவள் சௌசௌவைக் கையில் எடுப்பதற்கு முன்பே, சப்ளையர் செந்தில்வேல் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு சமையலறைக்கு வந்திருந்தான்.

"யக்கா, அண்ணன் மெனு கார்டு கேக்குறாரு."

"என்ன வேணுமாம்?"

"வேலுத்தாய் மாஸ்டர் கையால வாய்க்கு வெளங்குற மாதிரி ஒரு தட்டுச் சோறாம். அதச் சாப்பிட்டுத்தேன் பஸ்ஸா வீடான்னு சொல்லுவாராம்."

இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓட்டியவர் சேனாதிபதி. அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எந்த ஓட்டலின் முன்கூடத்திலும் அவர் உட்கார்ந்தது கிடையாது. சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று ஒவ்வொரு ஓட்டலிலும் பின்னால் ஒரு இடம் உண்டு. அடுப்படிக்கும் கை கழுவுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. விருந்தாளிகளைக் கொண்டுவந்து இறக்கினால் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். எது மிஞ்சிக் கிடக்கிறதோ, எது கையருகே இருக்கிறதோ அது வரும். பரோட்டாவில் சால்னாவைக் குளமாக ஊற்றுவார்கள். பிரியாணி அண்டாவின் அடிப்பகுதி வரும். டிரைவரைக் குளிர வைத்தால் அடுத்த வண்டியும் அங்கேயே நிற்கும் என்பது கணக்கு. காரமும் எண்ணெயும் உப்பும் தூக்கலாக இருந்தால்தான் அது நல்ல கவனிப்பு.

அந்தக் கவனிப்பில் ஏறிய ரத்தக் கொதிப்பு பல வருடம் வெளியே தெரியவில்லை. தெரிந்தபோது காலில் செருப்பு நுழையவில்லை. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது, உப்பைக் குறையுங்கள், வெளிச் சாப்பாட்டை நிறுத்துங்கள் என்றார் திண்டுக்கல் டாக்டரம்மா.

வெளியிலேயே வாழ்கிற மனிதர் வெளிச் சாப்பாட்டை எப்படி நிறுத்துவது? வேலுத்தாய் டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தாள். பழனி ரோட்டில் ஒரு ஓட்டல்காரர் அந்த டப்பா மூடியைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, எங்க சோறு என்ன வெசமா? டிரைவரே இங்கன சாப்பிட மாட்டேங்குறாருன்னு ஒங்க கெஸ்டு என்னையப் பாக்குறாக. திங்குறதுன்னா எங்கது. இல்லேன்னா வண்டிய வேற எடத்துல நிறுத்துங்க."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. டிரைவர் சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழைகிற விருந்தாளிகள் நிறைய.

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓட்டல் வாசலில் நின்றபடி அவர் போன் போடுவார். பலகையில் எழுதியிருப்பதை வாசிப்பார். பதினாறு வருடமாக ஓட்டல் சமையலறையில் காய் வெட்டுகிறவள் என்பதால், எந்தப் பண்டத்துக்குள் எது எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒட்டன்சத்திரத்துல நிக்கிறேன். பொங்கல், பூரி, தோசை, இட்லி, வடை."

"பொங்கலு நெய்யும் உப்புந்தேன், வேணாம். தோசை மாவுல நேத்தே உப்புப் போட்டாச்சு. இட்லியும் அதே மாவுதேன், எண்ணெ மட்டும் இருக்காது. ரெண்டு இட்லியோட எந்திரிச்சிருங்க. சாம்பாரத் தொடக் கூடாது."

"பெறகு எதத் தொட்டுத் திங்க?"

"சீனி கேளுங்க."

"நான் என்ன பால்குடிப் பிள்ளையா?"

மத்தியானம் மறுபடி போன் வரும். "சோறு உப்பில்லாமத்தேன் வடிப்பாக. அத வாங்குங்க. தயிரு தனிக் கப்புல வரும். பொரியலு ஒரு வாய். அப்பளம், ஊறுகா, வத்தக்கொழம்ப எலையில வைக்கவே விடாதீங்க. வச்சா கை போயிரும்."

"ஏழு வகை வைக்கிறவன்ட்ட ரெண்டு போதும்னா என்னையப் போலீஸ்காரன் மாதிரிப் பாக்குறான் வேலு."

எட்டு மாதம் இப்படி ஓடியது. மனிதர் பாதியாக இளைத்தார். ரத்தக் கொதிப்பு கொஞ்சம் இறங்கியது. சோற்றின் மேல் இருந்த ஆசையும் கூடவே இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வேலுத்தாய் வேலை பார்க்கிற ஓட்டலின் மேனேஜர் குமரகுரு பச்சை அட்டை அடித்தார். வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் எண்ணெய் வேண்டாம், உப்புக் கம்மி, சிறுதானியம் உண்டா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மெனுவோடு தனியாக ஒரு பச்சை அட்டை, பத்து வகை, எல்லாம் உடம்புக்கு நல்லது. தங்கமுத்து மாஸ்டர் முதல் வாரம் அதைத் தன் வழக்கப்படியே சமாளித்தார். ஓட்டலில் குழம்புக்கெல்லாம் காலையிலேயே ஒரே அண்டாவில் வெங்காயம் தக்காளி வதக்கி உப்புப் போட்டு அரைத்து வைத்துவிடுவார்கள். எண்ணெய் வேண்டாம் என்று ஆர்டர் வந்தால் அதே அண்டாவிலிருந்து எடுத்து, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அனுப்பினார்.

"எண்ணெயத்தான் எடுத்தாச்சுல்ல? அப்ப எண்ணெ இல்லாததுதான?"

வேலுத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. அங்கே முன்கூடத்தில் யாரோ ஒருவரின் சேனாதிபதி நம்பி உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. குமரகுருவிடம் போய்ச் சொன்னாள். சண்டை வரும் என்று பயந்துதான் போனாள். அவரோ, "அப்ப அந்த அட்டை முழுக்க நீங்களே பாருங்கக்கா" என்று ஒரு தனி அடுப்பை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். வெட்டிக் கொடுத்தே பழகிய கை முதல் தடவையாக ஓட்டலில் கரண்டி பிடித்தது. அண்டாவைத் தொடாமல் ஒவ்வொரு தட்டையும் தனியாகச் செய்தாள். கீரை சூப், கேரட்டும் தக்காளியும் சேர்த்த கூட்டு, சாமைச் சோறு. விருந்தாளிகள் சமையலறை வாசல் வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாஸ்டர் பாதிக் கேலியாக அவளையும் மாஸ்டர் என்று கூப்பிட, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த அட்டைக்கென்று குமரகுரு ஒரு உப்பு வாங்கி வைத்தார். பொட்டலத்தின் முன்பக்கம் சிவப்பாக ஒரு இதயம் போட்டிருந்தது.

"சாதா உப்புல இருக்குற கெட்டதக் கொறச்சது இது. பிரஷர் உள்ளவங்களும் சாப்பிடலாம். பெரிய பெரிய ஓட்டல்ல எல்லாம் இதுதான் ஓடுது."

அன்று மாலை சேனாதிபதி ஆறு விருந்தாளிகளோடு வந்து இறங்கினார். பின்பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு வேலுத்தாய் பச்சை அட்டைச் சாப்பாட்டையே வைத்தாள். முதல் வாய் போனதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல உப்பிருக்குடி."

"கெட்டது இல்லாத உப்பு. கூசாமத் தின்னுங்க."

அவர் தலை நிமிரவில்லை. தட்டு காலியான பிறகுதான் பேசினார். "எட்டு மாசங்கழிச்சு இன்னைக்குத்தேன் சோறு தின்னுருக்கேன்."

அதன் பிறகு முடிந்த நாளெல்லாம் வண்டியை அங்கேயே கொண்டுவந்தார். சாதாரண உப்பைவிடச் சற்று மந்தமாக இருந்ததால் அவள் தாராளமாகவே போட்டாள். கீரை சூப்பை இரண்டு கிண்ணம் கொடுத்தாள். முடிவில் ஒரு மலைவாழைப்பழம். வெளியூர்ப் பயணத்துக்கு அந்த உப்பைக் காகிதத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள். எந்த ஓட்டலில் நின்றாலும் உப்பில்லாமல் வெந்த காயை வாங்கி, பொட்டலத்தைப் பிரித்துத் தூவிக்கொள்வார். போனில் மெனு வாசிக்கிற வேலை நின்றுபோனது. அந்த மூன்று மாதமும் அவர் வண்டியில் பாட்டுப் போட்டார்.

மே மாதக் கூட்டத்தில் ஒரு நாள், பெருமாள்மலை தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, அவர் கால் பிரேக்கை அழுத்தவில்லை. கால் இருக்கிற இடம் தெரிந்தது, பிரேக் இருக்கிற இடமும் தெரிந்தது, அழுத்தத்தான் வரவில்லை. கைபிரேக்கை இழுத்து மலைப்பக்கச் சாக்கடையில் வண்டியைச் சாய்த்துவிட்டார். விருந்தாளிகள் பிழைத்தார்கள். வேறொரு வண்டியில் அவரைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனபோது நாடி நிமிடத்துக்கு முப்பதுதான் அடித்தது.

பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்த வேலுத்தாயிடம் டாக்டரம்மா காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"இவர் சட்டைப்பையில இருந்துச்சு. இது என்னம்மா?"

அவள் பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மா உப்பின் பேர் கேட்டு, தன் போனில் தேடி, கடைப் பொட்டலத்தின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். எறும்பு வரிசைபோல இங்கிலீஷ் எழுத்து.

"கிட்னி நோய் உள்ளவங்க சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு. சோடியத்தக் கொறச்சுட்டு அந்த எடத்துல பொட்டாசியத்தப் போடுறாங்க. நல்ல கிட்னி அத வெளிய தள்ளிரும். இவருக்குத் தள்ள முடியாம ரத்தத்துலயே தேங்கிருச்சு. அது இதயத்தையே நிறுத்திரும்மா. வேற என்ன குடுத்தீங்க?"

"கீரை. தக்காளி. வாழப்பழம்."

"அது எல்லாத்துலயும் இதே பொட்டாசியந்தான்" என்றபடி டாக்டரம்மா எழுதிக்கொண்டார். 

உயிர் தங்கியது. சிறுநீரகம் தங்கவில்லை. அன்று மிஷினில் போட்டவரை அதன் பிறகு மிஷினிலிருந்து பிரிக்க முடியவில்லை. எப்படியும் இந்த வருடம் இங்கேதான் வந்து நின்றிருப்பார், உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டரம்மா. வேலுத்தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எம்புட்டுத் தானாப் போச்சு, எம்புட்டு எங்கையால போச்சு?"

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

ஊர் திரும்பியதும் குமரகுருவிடம் போனாள். கிட்னி சரியில்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது என்று பச்சை அட்டையில் ஒரு வரி போடச் சொன்னாள்.

"கெஸ்ட் சாப்பிட வர்ற எடத்துல வியாதிப் பேர எழுதச் சொல்றீங்களே அக்கா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அட்டை அப்படியே இருந்தது. அவள் பழைய இடத்துக்கே, காய் வெட்டுகிற பலகைக்கே திரும்பிவிட்டாள். அந்தத் தனி அடுப்பில் இப்போது மாஸ்டர் டீ போடுகிறார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். காயை எத்தனை தண்ணீரில் வேகவைத்துக் கொட்ட வேண்டும், முட்டையில் வெள்ளைக்கரு எத்தனை, குடிக்கிற தண்ணீர் எத்தனை தம்ளர், எல்லாம் அதில் இருந்தது. சாதாரண உப்பு ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் சேர்க்கலாம் என்றும் இருந்தது. அந்த வரியை மட்டும் அவள் நிறைவேற்றவில்லை. உப்பு டப்பாவை வீட்டைவிட்டே அப்புறப்படுத்தினாள். தானும் உப்பில்லாமல்தான் தின்றாள். ஐந்து மாதமாயிற்று. முதலில் அவர் திட்டினார். பிறகு கேலி செய்தார். பிறகு எதுவும் சொல்லாமல் தட்டைப் பாதியில் நகர்த்தி வைத்தார். வண்டி வேறொருவர் கைக்குப் போயிற்று. நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"நான் இனிமே கீழ திண்டுக்கல்லுக்குப் போகல வேலு. நாலு மணி நேரம் அந்த மிசின்ல கெடந்துட்டு வந்து, இந்தச் சவசவன்னு கெடக்குற காயத் திங்கிறதுக்கு எதுக்கு உசுரு? நீ எனக்கு ஒண்ணும் கொறை வைக்கல. ஆனா நீ சோறு போடுறப்ப ஒவ்வொரு வாய்க்கும் எம் மூஞ்சியப் பாக்குற. நான் சாகுறேனா இல்லையான்னு பாக்குற. எனக்கு அதத் திங்க முடியல."

 பார்க்கத்தான் செய்தாள்.

இப்போது காய் வெந்துவிட்டது. மூன்றாம் தண்ணீரையும் வடித்தாள். வாணலியில் எண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, ஊர்ப்பூண்டு நாலு பல்லைத் தட்டிப் போட்டு நிறம் மாறும்வரை கிளறினாள். சௌசௌவைப் போட்டுப் பிரட்டி இறக்கினாள். இரண்டு முட்டையின் மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளைக்கருவை மிளகுத்தூளோடு கிண்டினாள். பூண்டு வாசனை முன்கூடம் வரை போயிருக்க வேண்டும்.

மாஸ்டர் உப்பு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "ஒரு சிட்டிகை போடு தாயி. சாதா உப்புத்தேன். ஒன் தாள்லயே போடலாம்னு இருக்குல்ல?"

"எங்கையி அளவு தப்பிரும் மாஸ்டர்."

"பதினாறு வருசமாப் பாக்குறேன். ஒங்கையி எங்க தப்புச்சு?"

"தப்புனதுலதேன் அவரு அங்க உக்காந்திருக்காரு."

மாஸ்டர் பரோட்டா மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். டப்பாவை மூடவில்லை. மணி ஆறே முக்கால்.

வேலுத்தாய் ஒரு டீஸ்பூனைக் கழுவித் துடைத்தாள். உப்பை அள்ளி, கத்தி முதுகால் மேலே வழித்துத் தட்டையாக்கினாள். தட்டில் கொட்டி, பாதியாகப் பிரித்து ஒரு பாதியை டப்பாவிலேயே போட்டாள். மீதியை மறுபடி இரண்டாகப் பிரித்தாள். அதில் ஒன்றையும் டப்பாவில் போட்டாள். மிச்சம் கிடந்தது கால் டீஸ்பூன். ஒரு நாளைக்கு உரியதில் பாதி. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். மருந்துக் கடையில் எடை போடுகிறவனுக்குக்கூட இத்தனை நேரம் ஆகாது.

"வெரசாப் போடு. பஸ் போயிரும்" என்றார் மாஸ்டர், இந்த முறை கெஞ்சுகிற குரலில்.

போட்டாள். காயில் பாதி, முட்டையில் பாதி. கிளறினாள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு நாக்கில் ருசி தெரிந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. இதைத் தின்றுவிட்டு, இப்படித் தின்னலாம் என்றால் பிழைத்துக் கிடப்போம் என்று பஸ் ஏறுவாரா? கடைசியாக ஒரு நல்ல சோறு தின்றாயிற்று, போதும் என்று வீட்டுக்குத் திரும்புவாரா? இரண்டுக்கும் இதே தட்டுத்தான். அவள் எதற்குச் சமைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுடுசோற்றைக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, பக்கத்தில் காயும் முட்டையும் வைத்தாள். விளிம்பில் சிந்தியதைத் துணியால் துடைத்தாள். செந்தில்வேல் தட்டுக்காகக் கையை நீட்டினான்.

"விடுப்பா. நானே கொண்டு போறேன்."

பதினாறு வருடத்தில் அவள் தட்டோடு முன்கூடத்துக்குப் போனதில்லை. ஜன்னலோரம் ஊதிய முகத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடது கையை மடியில் வைத்திருந்தார். எதிர்ச் சாரியில் பஸ்ஸின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் திண்டுக்கல், திண்டுக்கல் என்று கூவுவது கண்ணாடி வழியாக மங்கலாகக் கேட்டது.

அவளைப் பார்த்ததும் சேனாதிபதி விருந்தாளியைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன போட்டிருக்க?"

"உப்புப் போட்டிருக்கேன்" என்றாள் வேலுத்தாய்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்காமல், இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து அதை அவரிடம் கொடுத்தாள்.